தொட்டியின் அடியில் ஒரு துப்புரவாளன்: கோரி மீனுக்கு அந்த வேலையைக் கொடுத்தது யார்?

மீன் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேலே நீந்துகிற மீன்களுக்கெல்லாம் பெயர் இருக்கும். ஏஞ்சல், கப்பி, மோலி, ஃபைட்டர்... அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கிற மீனைக் காட்டி "இது என்னண்ணே?" என்று கேட்டால் பெயர் வராது, வேலைதான் வரும். "அது கிளீனர் தம்பி. அழுக்கெல்லாம் தின்னுடும். ரெண்டு போட்டுக்கோ, தொட்டி கழுவவே வேணாம்." கொளத்தூரில் நான் ஏறி இறங்கிய கடைகளில் ஏறக்குறைய இதே வசனம்தான்.

பி.காம். படிக்கிறவன் மீனைப் பற்றி எழுதுவதா, அதுவும் வரலாறா என்று கேட்பீர்கள். ஒரு சரக்கை என்ன சொல்லி விற்கிறார்கள், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் எங்கள் பாடத்துக்குள் வருகிற விஷயம்தானே :-) அந்தத் தைரியத்தில் தொடங்குகிறேன்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கோரிடோரஸ், சுருக்கமாகக் கோரி. நம் ஊர்க் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம், பிறந்த ஊர் தென் அமெரிக்கா. ஒரு விரல் நீளம் இருக்கும். வாயைச் சுற்றிக் குட்டிக் குட்டி மீசைகள். உடம்பில் செதில் கிடையாது, அதற்குப் பதில் இரண்டு பக்கமும் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்த மாதிரி. 1803இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபெத் இந்தப் பெயரை வைத்தபோது தலைக்கவசம், தோல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துதான் வைத்தார். ஆக, அதன் முதல் பெயரில் போர்வீரன் இருக்கிறான். துடைப்பத்தைக் கையில் கொடுத்தது பிற்காலம்.

அந்தக் கதையை லண்டனில், கண்ணாடியிலிருந்து தொடங்கவேண்டும். பிரிட்டனில் கண்ணாடிக்குக் கலால் வரி இருந்தது. 1845இல் அதை எடுத்துவிட்டார்கள். விலை இறங்கியது. கண்ணாடி நடுத்தர வர்க்கத்து வீட்டு வரவேற்பறைக்குள் வந்தது. அடுத்த பத்து வருடங்களுக்குள் மீன் தொட்டி ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனி அரங்கு திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் தன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பிலிருந்துதான் 'அக்வேரியம்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியது. (வரியைக் குறைத்தால் தொழில் வளரும் என்பதற்கு எங்கள் பேராசிரியர்கள் ஏன் இந்த உதாரணத்தைச் சொல்வதில்லை என்று தெரியவில்லை!)

இந்த மோகத்துக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1850இல் லண்டன் வேதியியல் கழகத்தில் தன் சோதனையை வெளியிட்டார். 12 காலன் கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரம், இரண்டு சின்னத் தங்கமீன்கள், வாலிஸ்னேரியா என்ற நீர்ப்புல். மீன் விடுகிற கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடுகிற பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் கணக்கு. நன்றாகத்தான் போனது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின, தண்ணீர் கலங்கியது. வாரிங்டன் என்ன செய்தார்? சில குளத்து நத்தைகளைப் பிடித்துப் போட்டார். நத்தை அழுகல் இலையைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது, போதாக்குறைக்கு நத்தை முட்டை மீனுக்கு உணவாகவும் ஆனது.

மீன் வளர்ப்பில் 'துப்புரவு வேலை' என்ற பதவி உருவானது இங்கேதான். மீன், செடி, துப்புரவு செய்ய ஒரு பிராணி, இந்த மூன்றும் இருந்தால் தொட்டி 'சமநிலை' அடைந்துவிடும். சமநிலை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு பாலன்ஸ் ஷீட் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் வாரிங்டன் எழுதிய பேரேட்டில் ஒரு கணக்கு விடுபட்டிருந்தது. மீன் தின்றதெல்லாம் மறைந்துபோவதில்லை. பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீருக்குத் திரும்பி வருகிறது. நத்தை தின்றாலும் இதே கதைதான். அழுக்கைத் தின்கிற பிராணியும் அழுக்கு போடும் என்பது வரவு செலவுத் தெரிந்த யாருக்கும் புரியவேண்டும். இரண்டு சின்ன மீனுக்கு நிறையச் செடி என்ற அளவில் செடியே அந்த அம்மோனியாவை இழுத்துக்கொண்டது, அதனால் ஓட்டை வெளியே தெரியவில்லை. தொட்டிகளில் மீன் கூடக் கூடத்தான் தெரிந்தது.

நிற்க. இப்போது நம் மீனிடம் வருவோம்.

சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் 1831 முதல் 1836 வரை சுற்றியதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்தப் பயணத்தில் அவர் சாராயத்தில் ஊறப்போட்டுக் கொண்டுவந்த மீன்களில் ஒன்று, இன்று கடைகளில் 'பெப்பர் கோரி' என்று விற்கும் கரும்புள்ளி கோரி. டார்வின் மீன்களை ஆராயவில்லை, லெனர்டு ஜெனின்ஸ் என்ற பாதிரியாரிடம் கொடுத்துவிட்டார். இந்த ஜெனின்ஸ் யார் தெரியுமா? பீகிள் கப்பலில் போக டார்வினுக்கு முன்னால் அழைப்பு வந்தது இவருக்குத்தான். ஊர்ச் சபையை விட்டு வர முடியாது என்று மறுத்துவிட்டார். போகாத கப்பலில் வந்த மீன்களுக்கு உட்கார்ந்து பெயர் வைத்தார். 1842இல் அவர் வைத்த இனப்பெயர் 'பலேயாட்டஸ்'. அந்த நூல் வரிசையை அச்சிட பிரிட்டிஷ் கருவூலம் 1000 பவுண்டு கொடுத்தது என்பது உபரித் தகவல்.

சாராயத்தில் இருந்த மீன் உயிரோடு ஐரோப்பிய வீடுகளுக்கு வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. பாரிசில் பியர் கார்போனியே என்ற மீன் வளர்ப்பாளர் இருந்தார். 1869இல் சீனாவிலிருந்து வந்த பாரடைஸ் மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்து ஏற்கனவே புகழ் பெற்றவர். 1878இல் இதே கரும்புள்ளி கோரியையும் அவர் முட்டையிட வைத்தார். மின்சார ஹீட்டர் கிடையாது, காற்று பம்பு கிடையாது. எப்படி முடிந்தது? மீனின் ஊரைப் பார்த்தால் புரியும். இது அமேசான் வெப்பத்து மீன் இல்லை. அர்ஜென்டினா, உருகுவே பக்கம், லா பிளாட்டா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. அங்கே குளிர்காலம் உண்டு. 20 டிகிரித் தண்ணீர் இதற்குச் சாதாரணம். பம்பு விஷயத்தில் இன்னொரு உபாயம் வைத்திருக்கிறது, அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதவைத்த இடம் இதுதான்: அதே பாரிஸ், ஒரு வருடம் முன்னால், 1877. ஷ்லோஸிங், மூன்ட்ஸ் என்ற இருவர் பாரிஸ் நகரத்துச் சாக்கடை நீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீளக் குழாய் வழியாக மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம்போல ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திடீரென்று வெளியே வரும் நீரில் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. கொஞ்சம் மண் கரைசலை ஊற்றினார்கள், கொஞ்ச நாளில் மறுபடி தொடங்கியது. மயக்க மருந்து கொடுத்தால் நிற்கிறது என்றால் வேலை செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று! 1890இல் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியாகப் பிரித்தே காட்டிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். தொட்டியின் உண்மையான துப்புரவாளனை 1877இல் கண்டுபிடித்துவிட்டார்கள். துப்புரவாளன் என்று பின்னால் தவறாக அழைக்கப்பட்ட மீன் 1878இல் அதே ஊரில் குஞ்சு பொரித்தது. இரண்டு செய்தியும் சந்தித்துக்கொள்ள எத்தனையோ பத்தாண்டுகள் ஆயின. சாக்கடைப் பொறியாளர்கள் ஒரு பக்கம், மீன் பிரியர்கள் மறு பக்கம். நடுவில் வாரிங்டனின் நத்தை காலி செய்த நாற்காலியில் கோரியை உட்காரவைத்துவிட்டார்கள். அடியில் இருக்கிறது, மண்ணை முகர்ந்துகொண்டே போகிறது, கீழே விழுந்ததைத் தின்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்? பழைய ஆங்கில மீன் வளர்ப்புக் கையேடுகள் இதற்குக் கொடுத்த பட்டத்தை நம் அகராதியில் தேடினால் 'தோட்டி' என்றுதான் வரும். தொட்டிக்கு ஒரு தோட்டி! எதுகை நன்றாக இருக்கிறது, ஆனால் வாசிக்கும்போது தொண்டையில் ஏதோ சிக்குகிறது. அடியில் பிறந்ததற்காகவே ஒருவர் தலையில் அழுக்கைக் கட்டும் வழக்கத்தை மீன் கடையில் போய் யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பட்டத்தால் கோரிக்கு என்ன நஷ்டம்? முதலில் சாப்பாடு. அது அழுக்கைத் தின்னும் என்று நம்புகிறவர் அதற்குத் தனியாகத் தீனி போடமாட்டார். ஆற்றில் அது தின்பது புழு, பூச்சிகளின் இளம்புழு, சின்ன ஓட்டுடலிகள். மீன் கழிவை எந்தக் கோரியும் தின்பதில்லை, பாசியையும் சுரண்டுவதில்லை. மேலே போடும் மிதக்கும் தீனியை மற்ற மீன்கள் முடித்துவிட்டால் கீழே வருவது வெறும் தூள். மேலிருந்து பார்க்கும்போது ஓட்டுக்குள் மெலிவது தெரியாது. வயிறு உள்ளே ஒட்டிப்போவதைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் தெரியும். கடைக்காரர் "அதுக்கு ஆயுசு அவ்ளோதான் தம்பி" என்பார். நன்றாக வைத்தால் ஐந்து வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடிய மீன்.

இரண்டாவது, தரை. 1950களுக்குப் பிறகு கல்லுக்கு அடியில் வைக்கும் பில்டர் தட்டுகள் பரவின. ஷ்லோஸிங்கின் குழாயே ஒருவகையில் மீன் தொட்டிக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம், நுண்ணுயிர் வாழக் கல் படுக்கை, அதன் வழியே தண்ணீர். நல்ல விஷயம்தான். ஆனால் மணல் போட்டால் தட்டு அடைத்துக்கொள்ளும் என்பதால் பருமனான கல் வழக்கமாகிவிட்டது. கோரியோ மண்ணுக்குள் மூக்கை நுழைத்து, வாயால் அள்ளி, செவுள் வழியே மணலை உதறிவிட்டு இரையை வைத்துக்கொள்ளும் பிராணி. ஜல்லியில் எதை அள்ளுவது? கூரான கல்லும் கல்லிடுக்கில் தேங்கும் அழுகலும் சேர்ந்து மீசையைத் தின்றுவிடுகின்றன. மீசை போன கோரிக்கு இரை தேடுவது கண் தெரியாதவன் கைத்தடியைத் தொலைத்த மாதிரி. சுத்தம் செய்ய வந்ததாகச் சொல்லப்படும் மீன், சுத்தமில்லாத தரையால் முதலில் நோகிறது.

சரி, அந்த பம்பு ரகசியம். கோரி திடீரென்று அம்பு மாதிரி மேலே பாயும், ஒரு வாய் காற்றை விழுங்கும், உடனே கீழே வந்துவிடும். விழுங்கிய காற்று குடலின் பின்பகுதிக்குப் போகிறது. அங்கே சுவர் மெலிந்து ரத்த நாளங்கள் அடர்ந்திருக்கும், அங்கே பிராணவாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. குடலால் மூச்சுவிடும் மீன்! கப்பலிலும் பாரிஸ் தொட்டியிலும் பிழைத்துக் கிடந்ததற்கு இது கட்டாயம் கைகொடுத்திருக்கும்.

அதே குடலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முட்டையிடும்போது ஆணின் வயிற்றுப் பக்கம் பெண் வாயை வைத்து 'டி' எழுத்து மாதிரி நிற்கும். என்னதான் நடக்கிறது என்று வளர்ப்போரிடையே நீண்ட காலம் விவாதம். 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோடாவும் சகாக்களும் வெண்கல நிறக் கோரியிடம் சாயத்தை வைத்துப் பார்த்தார்கள். பெண் ஆணின் விந்தை விழுங்குகிறது. அது சில நொடிகளில் குடலைக் கடந்து, துடுப்புகளுக்கு நடுவே பிடித்திருக்கும் முட்டைகளின்மேல் வெளியே வருகிறது. டார்வினின் கப்பலில் வந்த குடும்பத்தைச் சேர்ந்த, உலகமெல்லாம் தொட்டிகளில் இருந்த மீனுக்குள் இப்படி ஒரு விஷயம் நூறு வருடத்துக்கு மேல் உறுதிப்படாமல் கிடந்திருக்கிறது. கிளீனரை யார் உட்கார்ந்து கவனிப்பார்கள்?

கோரியாவது சின்ன மீன், அநியாயம் தொட்டிக்குள் முடிந்துவிடுகிறது. அதே 'கிளீனர்' பெயரில் விற்கும் சக்கர் மீன் விஷயம் வேறு. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்குமே, அதுதான். இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு 1758இல் லின்னேயஸ் பெயர் வைத்தபோது அதை ஸ்டர்ஜன் மீன் வகை என்றே நினைத்துவிட்டார், ஆரம்பமே குழப்பம். கடையில் விரல் அளவில் வாங்குகிறோம். அது பாசி தின்னும், உண்மைதான். ஆனால் ஒன்றரை அடி வரை வளரும். போடும் கழிவோ எக்கச்சக்கம். தொட்டி கொள்ளாத நாளில் "பாவம், உயிரோட விட்டுடலாம்" என்று ஏரியில் விடுகிறார்கள். ஓடு இருப்பதால் மற்ற மீன்கள் விழுங்க முடியாது. காற்றை விழுங்கி மூச்சுவிடுவதால் கெட்ட தண்ணீரிலும் சாகாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். மெக்சிகோவின் இன்ஃபியர்நில்லோ அணையில் திலாப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலையில் இது நிரம்பித் தொழிலே நொடித்தது. பிலிப்பைன்ஸில் மரிகினா ஆற்றிலும் லகுனா ஏரியிலும் பெருகியபோது மக்கள் கூப்பிட்ட பெயர் 'ஜானிட்டர் ஃபிஷ்'. கடையில் கொடுத்த பட்டத்தோடேயே ஆற்றுக்குப் போயிருக்கிறது! தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் என்று நம் நீர்நிலைகளிலும் இது பதிவாகியிருக்கிறது. வலையைக் கிழிக்கும், விலை போகாது. ஒரு கடைக்காரரின் ஒரு வரி வசனத்துக்கான செலவு எந்த மீனவர் கணக்கில் போய் ஏறுகிறது பாருங்கள்.

இனி, கோரி வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் இதிலிருந்து கிடைப்பவை.

தொட்டியை வைத்து நாலைந்து வாரம் நுண்ணுயிர் வளர விடுங்கள், மீன் அதற்குப் பிறகு. பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும், தொட்டித் தண்ணீரிலேயே அலசவேண்டும். (அந்த நுண்ணுயிர் யார் என்பதில்கூட 1990களில் ஒரு திருத்தம் வந்தது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மீன் தொட்டிகளில் ஹோவனெக் குழுவினர் தேடியபோது கிடைத்தது நைட்ரோஸ்பைரா.) வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவதைக் கோரி வந்தபிறகும் நிறுத்த முடியாது. தரைக்கு நன்றாகக் கழுவிச் சலித்த ஆற்று மணல், கல் வேண்டுமென்றால் உருண்டைக் கூழாங்கல். கூட்டமாக வாழும் மீன், ஒரே இனத்தில் ஆறாவது வேண்டும். தனியாக விட்டால் மூலையில் பதுங்கும். விளக்கை அணைத்தபிறகு மூழ்கும் தீனி போடுங்கள், வாரம் ஒரு முறை உறைந்த ரத்தப்புழு. துடுப்பில் முள் உண்டு, பயந்தால் விறைத்துக்கொண்டு வலையில் சிக்கும், அதனால் ஒரு டப்பாவில் முகந்து எடுப்பது நல்லது. மற்ற மீன்களுக்குப் பழக்கமாகிவிட்ட கைப்பிடிக் கல்லுப்பு வைத்தியத்தை இதனிடம் காட்டாதீர்கள், கெளுத்தி வகைகளுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது.

சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டார்வினின் கரும்புள்ளி கோரி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது குளிர்ப் பிரதேசத்து ஆள். மே மாதம் நம் வீட்டுத் தொட்டி 32 டிகிரிக்குப் போகும்போது அது மூச்சு வாங்கி மூச்சு வாங்கி மேலே பாய்ந்துகொண்டே இருக்கும். வெண்கல நிறக் கோரியோ ஸ்டெர்பா கோரியோ ஓரளவு சூட்டைத் தாங்கும், அவற்றுக்கும் கோடையில் தண்ணீர்மேல் ஒரு சின்ன மின்விசிறி காட்டுவது உத்தமம்.

கடைசியாகப் பெயர் விஷயம். 170க்கும் மேற்பட்ட இனங்கள் கோரிடோரஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடைந்து கிடந்தன. 2024இல் மரபணு ஆய்வை வைத்துப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஜெனின்ஸ் பெயர் வைத்த மீன் இப்போது ஹோப்லிசோமா பலேயாட்டம். வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர் ஆகிவிட்டது. போன மாதம் கொளத்தூரில் ஒரு தொட்டியின்மேல் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். 'கிளீனர், ஜோடி' என்று எழுதி, பக்கத்தில் விலையை மட்டும் திருத்தியிருந்தார்கள்.